கல்லூரித் தோழர்களைத் தேடிப் பிடித்து, தொடர்பு விடாமல் வைத்திருக்க: படிப்படியாக ஒரு வழிகாட்டி

எங்கள் வகுப்பை மறுபடி ஒன்றுசேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தபோது, எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கேட்டவர்களெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டுவிடு, தானாகச் சேர்ந்துவிடுவார்கள்." சேரமாட்டார்கள். சேர்ந்தாலும் பாதிப் பேர் வாயே திறக்கமாட்டார்கள். படித்து முடித்து நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடிய பிறகு "சரி, நான் செய்கிறேன்" என்று கையைத் தூக்கிவிட்ட அந்த ஒரு நபருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கணினி அறிவு பெரிதாக வேண்டாம். ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை, ஃபோனில் பேசக் கூச்சமில்லாத குணம், இது போதும்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். பெரிய சந்திப்பு விழாவை இலக்காக வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். விழா நடக்கும், படம் எடுப்பார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், அடுத்த மாதம் யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள். தொடர்பை உயிரோடு வைத்திருப்பது மாதாமாதம் நடக்கும் சின்னச் சின்ன ஃபோன் பேச்சுதான். கீழே உள்ள எல்லாமே அதற்கான ஏற்பாடு.

1. பட்டியல் முதலில், குழு பிறகு

நோட்டிலோ கூகுள் ஷீட்டிலோ (இணையத்தில் வைத்துக்கொள்ளும் அட்டவணை) ஒரு பட்டியல் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கல்லூரிக் காலப் பெயர், இப்போதைய பெயர் (திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, பழைய பெயரில் தேடினால் கிடைக்கவே மாட்டார்கள்), வகுப்பில் வைத்த பட்டப்பெயர், இருக்கும் ஊரும் நாடும், ஃபோன் எண், மின்னஞ்சல், வீட்டில் தொடர்புகொள்ளக்கூடிய இன்னொருவரின் பெயரும் எண்ணும், எந்த நேரத்தில் எப்படித் தொடர்புகொண்டால் அவருக்கு வசதி, கடைசியாக நம்மில் யாராவது அவரிடம் பேசிய தேதி.

கடைசிக் கட்டத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். பட்டியலில் மிக முக்கியமானது அதுதான். அந்தத் தேதியை வைத்து வரிசைப்படுத்தினால், யாரிடம் பேசி அதிக நாள் ஆகிறதோ அவர் தானாக மேலே வந்து நிற்பார். இன்று யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா, கலகலப்பாகப் பேசுகிற அதே நாலு பேரிடமே எல்லோரும் பேசிக்கொண்டிருப்போம். வாயில்லாப் பூச்சிகள் கல்லூரியில் எப்படிக் கடைசி பெஞ்சில் கவனிப்பாரின்றி இருந்தார்களோ அப்படியே இப்போதும் விடுபட்டுப் போவார்கள்.

நோய் விவரங்களைப் பட்டியலில் எழுத வேண்டாம். "சத்தமாகப் பேசவும்", "காலையில் கூப்பிட வேண்டாம்", "மகளிடம் முதலில் சொல்லவும்" என்று நமக்குத் தேவையானதை மட்டும் குறித்தால் போதும். இந்தப் பட்டியல் எப்படியும் ஒருநாள் யாருடைய கைக்காவது போகும், அப்போது சங்கடப்படுவது நாம் அல்ல, அவர்.

2. தேடுவதற்குக் கையில் என்னென்ன வேண்டும்

இணையத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டுப் பரணில் ஏறுங்கள். காகிதத்தில் கிடைப்பது இணையத்தில் கிடைக்காது.

வகுப்பு குரூப் போட்டோ. அட்டையில் ஒட்டி, கீழே வரிசைவாரியாகப் பெயர் அச்சிட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. பெயர் இல்லாவிட்டால், படத்தை 600 டி.பி.ஐ. (ஸ்கேனின் நுணுக்கத்தைக் குறிக்கும் அளவு) அளவில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு தலை மேலும் ஒரு எண் போட்டு, கிடைத்திருக்கும் நண்பர்களுக்கு அனுப்பி "எண் 17 யார்?" என்று கேளுங்கள். எண் போடாமல் "மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்டவன்" என்று ஆரம்பித்தால், அந்த வரிசையில் ஏழு பேர் கண்ணாடி போட்டிருப்பார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், பெரிதாக்கிப் பார்த்தால் முகமெல்லாம் கலங்கித் தெரியும். ஆவணமாக அனுப்பினால் அசல் தரம் அப்படியே போகும்.

ஆட்டோகிராஃப் நோட்டு. கடைசி நாளில் கையெழுத்தும் முகவரியும் வாங்கினோமே, அதேதான். அந்த முகவரிகள் பெரும்பாலும் பெற்றோர் வீட்டு முகவரிகள். நண்பர் அங்கே இருக்கமாட்டார், ஆனால் தம்பியோ அண்ணன் பிள்ளைகளோ இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். "இவருடைய கல்லூரி நண்பன் நான், என் எண் இது, அவருக்குத் தெரிவித்தால் போதும்" என்று மூன்று வரி. பதில் வர ஒன்றிரண்டு மாதம் ஆனாலும் வரும் பதில் உறுதியான பதிலாக இருக்கும்.

ஆண்டு மலர், பட்டமளிப்பு விழாக் கையேடு, விடுதி விழா அழைப்பிதழ். முழுப்பெயருக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் இவை உதவும். நமக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் பட்டப்பெயர்தான், சொந்தப் பெயரே தெரியாமல் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள் உண்டு.

கல்லூரி அலுவலகம். இங்கே போய் "என் வகுப்பு மாணவர்களின் முகவரி கொடுங்கள்" என்று கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அதற்குப் பதில், உங்கள் பட்டச் சான்றிதழின் நகல், பதிவு எண், படித்த ஆண்டு, துறை எல்லாவற்றையும் வைத்து ஒரு கடிதம் எழுதி, "என் கடிதத்தை உங்களிடம் உள்ள முகவரிகளுக்கு அனுப்பி வைக்க முடியுமா? தபால் செலவை நான் தருகிறேன்" என்று கேளுங்கள். இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். மாணவர் சேர்க்கை, தேர்வு நேரங்களில் போகாதீர்கள், யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது.

முன்னாள் மாணவர் சங்கம் இருந்தால் உறுப்பினராகச் சேருங்கள், ஆனால் கட்டணம் கட்டும் முன் எதற்குக் கட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டுக்காரர்கள் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. பணம் கட்டினால் ஆளைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்னும் இணையதளங்கள் பக்கமே போக வேண்டாம். பழைய தகவலைத் தூசி தட்டித் தருவார்கள், உங்கள் அட்டை விவரம் அவர்களிடம் தங்கிவிடும்.

ஃபேஸ்புக்கில் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. நண்பர் பட்டியலில் இல்லாதவர் அனுப்பும் செய்தி நேராக உள்பெட்டிக்குப் போகாது, செய்திக் கோரிக்கைகள் என்று தனியாக ஓரிடத்தில் கிடக்கும். நம் வயதுக்காரர்கள் பலருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளாமல், அவருடைய பிள்ளைகளின் பக்கம் தெரிந்தால் அங்கே மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பக்கத்துக்குப் போய்ப் படித்த ஆண்டை வைத்துத் தேடும் வசதி உண்டு, ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக ஓடிக்கொண்டிருப்பவர்கள் அங்கே அகப்படுவார்கள்.

இந்தக் கட்டத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஒதுக்குங்கள். முதல் மாதத்தில் பாதிப் பேர் கிடைத்துவிடுவார்கள், மீதிப் பாதிக்குத்தான் காலம் பிடிக்கும்.

3. முதல் அழைப்பு

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வயதானவர்கள் எடுப்பதில்லை. எடுக்கக் கூடாது என்று பிள்ளைகள் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது நியாயமும்கூட. அதனால் முதலில் எழுத்தில் ஒரு செய்தி: உங்கள் முழுப்பெயர், துறை, ஆண்டு, கூடவே அவருக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு விஷயம். "ஆய்வகத்தில் உன் சட்டையில் அமிலம் கொட்டியபோது பக்கத்தில் நின்றவன்" என்பது மாதிரி. இதைப் படித்தால் மோசடி என்று சந்தேகம் வராது. ஒருநாள் கழித்துக் கூப்பிடுங்கள்.

"டேய், நீயா?" என்று ஆரம்பித்த பிறகு என்ன கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நாற்பது வருடத்தில் ஒருவர் வாழ்க்கையில் என்னென்னவோ நடந்திருக்கும். "வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டு, மறுமுனையில் சத்தமே இல்லாமல் போவது நடக்கும். "பேரன் பேத்தி எத்தனை?" என்பதும் அப்படித்தான். திருமணம் செய்துகொள்ளாதவர்கள், பிள்ளையை இழந்தவர்கள், பிள்ளைகளோடு பேச்சு இல்லாதவர்கள் எல்லாம் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். "இப்போது எங்கே இருக்கிறாய்? கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள், சொல்ல விரும்புவதை அவரே சொல்வார். எந்தப் பதவியில் ஓய்வு பெற்றாய் என்ற கேள்வியை முதல் அழைப்பில் விட்டுவிடலாம், பலர் குழுவை விட்டு விலகி நிற்பதற்குக் காரணமே இந்தக் கேள்விதான் என்பது என் கணிப்பு.

அழைப்பை முடிக்கும் முன் மூன்று அனுமதி வாங்குங்கள். உன் எண்ணை மற்ற வகுப்புத் தோழர்களுக்குக் கொடுக்கலாமா? குழுவில் சேர்க்கலாமா? அவசரத்துக்கு உன் வீட்டில் யாரிடம் பேசலாம்? மூன்றுக்கும் தனித்தனிப் பதில் வரும். எண்ணைக் கொடு, குழு வேண்டாம் என்பவர்கள் நிறைய. அவர்களை வற்புறுத்தாதீர்கள், பட்டியலில் இருக்கட்டும், ஃபோனில் பேசிக்கொள்ளலாம்.

மொத்தமாகவே வேண்டாம் என்று சொல்பவரும் இருப்பார். கல்லூரிக் காலம் எல்லோருக்கும் இனிப்பாக இருந்துவிடவில்லை, கேலியில் புண்பட்டவர்களுக்கு நம் குரலே கசக்கலாம். "தொடர்பு வேண்டாம்" என்று குறித்துவிட்டு, வேறு யாரும் அவரைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

4. இப்போது குழுவைத் தொடங்குங்கள்

பத்துப் பதினைந்து பேராவது சம்மதித்த பிறகு வாட்ஸ்அப் குழு போடலாம். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் இடப் பிரச்சினை வராது. சிலரைச் சேர்க்க முயன்றால் சேராது, அழைப்பு அனுப்பச் சொல்லிக் கேட்கும். தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை அவர் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார் என்று பொருள். அந்த அழைப்பு மூன்று நாளில் காலாவதியாகிவிடும், அதனால் அனுப்பியவுடனே ஃபோன் செய்து "இப்போது வந்திருக்கும் பார், அதைத் தொடு" என்று சொல்லிவிடுங்கள்.

நிர்வாகிகள் மூன்று பேர் இருக்கட்டும். ஒருவர் மட்டும் இருந்து அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் குழு அனாதையாகிவிடும். குழு இணைப்பைப் பொதுவில் எங்கும் பகிராதீர்கள்.

விதிகளை நான்கு வரியில் எழுதி மேலே பொருத்தி வையுங்கள். பொருத்தும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும், 30 நாளைத் தேர்ந்தெடுத்து மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். என்ன விதி? அரசியலும் மதமும் வேண்டாம். மருத்துவ ஆலோசனை ஃபார்வர்டுகள் வேண்டாம், யாராவது அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பதில் சொல்வது? வியாபாரம், கடன், முதலீடு பற்றிப் பேச்சே கூடாது. காலை வணக்கப் படங்களுக்குத் தடை போடுவதா என்று பெரிய சண்டை வரும். எனக்கு அவை பிடிக்காது, ஆனால் தனியாக வசிக்கும் ஒருவர் தினமும் அனுப்பும் படம் ஒருநாள் வரவில்லை என்றால் அதுவே ஒரு செய்தி. அதனால் அதற்கென்று தனியாக இன்னொரு குழு போட்டுவிடுங்கள், விருப்பமுள்ளவர்கள் அங்கே வணங்கிக்கொள்ளட்டும்.

விதியை மீறியவரிடம் குழுவில் வைத்துப் பேசாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எழுபது வயதில் நாலு பேர் முன்னால் திருத்தப்படுவதை யாரும் தாங்கமாட்டார்கள், கோபித்துக்கொண்டு வெளியேறியவரைத் திரும்பக் கொண்டுவருவது முதலில் கண்டுபிடித்ததைவிடக் கடினம்.

5. பண மோசடி: இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்

நம் வயதுக் குழுக்கள் மோசடிக்காரர்களுக்கு வாகான இடம். ஒருவருடைய வாட்ஸ்அப் கணக்கைப் பிடித்துவிட்டால், அவர் பெயரிலேயே மற்ற எல்லோருக்கும் "அவசரமாகப் பணம் வேண்டும், நாளை தருகிறேன்" என்று செய்தி போகும். நண்பன் பெயரும் படமும் இருப்பதால் நம்பி அனுப்பிவிடுவோம்.

கணக்கு எப்படிப் பறிபோகிறது என்றால், "உன் எண்ணுக்குத் தவறுதலாக ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதை எனக்கு அனுப்பு" என்று தெரிந்தவர் பெயரில் செய்தி வரும். அந்த எண்தான் உங்கள் வாட்ஸ்அப்பின் சாவி. யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது. அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குப் போய் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி ஒரு பின் எண் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்குக் குழுவில் ஒருவர் ஃபோனில் இருந்தபடியே படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம்தான்.

குழுவுக்கு ஒரு சட்டம்: பணம் கேட்டுச் செய்தி வந்தால், பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசாமல் ஒரு காசு அனுப்பக் கூடாது. இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், பேசும்போது கல்லூரிக் கேள்வி ஒன்றைக் கேளுங்கள். விடுதிக் காப்பாளருக்கு நாம் வைத்த பட்டப்பெயர் என்ன? எந்தக் கணினிக்கும் அது தெரியாது, குழுவில் யாரும் எழுதி வைக்காதவரை. எழுதி வைக்காதீர்கள்.

உண்மையிலேயே பணக் கஷ்டத்தில் இருக்கும் தோழரும் இருப்பார். அதைக் குழுவில் விவாதிக்க வேண்டாம். வசதியுள்ள இரண்டு மூன்று பேர் தனியாகப் பேசி, திருப்பி வரும் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல் முடிந்ததைக் கொடுத்துவிடுங்கள். கடன் என்று பெயர் வைத்தால் பணமும் போகும், நட்பும் போகும்.

6. பேசுவதற்கு ஒரு முறை

பட்டியலில் உள்ளவர்களை ஐந்தாறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளர் போடுங்கள். அவர் மாதத்துக்கு ஒருமுறை தன் பிரிவில் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும், பேசிய தேதியைப் பட்டியலில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய வேலை இல்லை, ஆனால் குழுவில் வாயைத் திறக்காதவர்களிடம் போய்ச் சேர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காணொளிச் சந்திப்பு மாதம் ஒருமுறை போதும். வாட்ஸ்அப் அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், தனியாகச் செயலி எதுவும் தேவையில்லை என்பதால் முதலில் இதையே முயலுங்கள். ஜூம் இலவசமாக 40 நிமிடம் தரும், கூகுள் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம் தரும், இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டாம். 40 நிமிடம் நம் வயதுக்குச் சரியான அளவு, அதற்கு மேல் போனால் முதுகு பேசும்.

ஒருவர் நடத்துநராக இருந்து, பெயர் சொல்லி ஒவ்வொருவராகப் பேசக் கூப்பிட வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். இல்லாவிட்டால் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று பத்து நிமிடம், மைக்கை அணைக்காத ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சி பத்து நிமிடம், மீதி முழுவதும் ஒரே ஆள் பேசுவார்.

நேரம் குறிக்கும்போது வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இந்த இடைப்பட்ட வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பார். நேரத்தை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள், யாருக்கும் விடியற்காலையோ நள்ளிரவோ ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. காது, கண், ஞாபகம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேட்பது குறைந்திருக்கிறது. வயதில் முதலில் போவது உச்ச ஒலிகள். அதனால் ஸ, ச, ஃப போன்ற உரசல் ஒலிகள் காதில் விழாமல், பேச்சு கேட்கும் ஆனால் புரியாது. இப்படிப்பட்டவர் ஃபோனில் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கமாட்டார். உடனே அடையாளம் கண்டுகொள்ளுங்கள். கத்திப் பேசுவதால் பயனில்லை, நிதானமாகப் பேசுங்கள், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லிப் பாருங்கள். முகம் தெரிந்தால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பதால் இவர்களுக்கு ஃபோனைவிடக் காணொளி நல்லது, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். அதுவும் முடியாதவருக்கு எழுத்துதான்.

கண் பார்வை குறைந்தவருக்கு இதன் தலைகீழ்: குரல் பதிவு அனுப்புங்கள், ஒரு நிமிடத்துக்குள். முக்கிய அறிவிப்புகளை வண்ணப் படத்தில் எழுதி அனுப்பும் ஆர்வக்கோளாறு குழுவில் யாருக்காவது இருக்கும். ஃபோனில் எழுத்தளவைக் கூட்டி வைத்தாலும் படத்தில் உள்ள எழுத்து பெரிதாகாது. தேதி, இடம், நேரம் எல்லாம் வெறும் எழுத்தில் போகட்டும்.

மறதி நோய் வந்த தோழரிடம் பேசும்போது ஒரு கேள்வியைக் கேட்கவே கூடாது: "என்னைத் தெரிகிறதா?" அது அவருக்குப் பரீட்சை. தெரியவில்லை என்றால் அவருக்கு அவமானம், பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு வேதனை. உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள், "நாம் ஒரே விடுதியில் இருந்தோம்" என்று சொல்லிவிட்டுப் பழைய கதைக்குப் போய்விடுங்கள். நேற்று நடந்தது நினைவில்லாதவருக்கும் இளமைக் காலம் பெரும்பாலும் வெகுநாள் தங்கியிருக்கும். தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். ஐந்து நிமிடம் பேசினால் போதும், பராமரிப்பவரிடம் நல்ல நேரம் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. நேரில் சந்திப்பது

முதல் சந்திப்பைச் சிறியதாக வையுங்கள். ஆறு மாதம் முன்பே வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் மூன்று தேதி கொடுங்கள், 12 விருப்பம் வரை கொடுக்க இடம் உண்டு என்பதற்காக 12 கொடுத்தால் காலத்துக்கும் முடிவாகாது. அதிக வாக்கு வாங்கிய தேதியே இறுதி. "எல்லோருக்கும் வசதியான நாள்" என்று ஒன்று இல்லை, அதைத் தேடுபவர்கள் சந்திப்பதே இல்லை.

இடம் பார்க்க நீங்களே நேரில் போங்கள், படத்தை நம்ப வேண்டாம். போகும்போது பார்க்க வேண்டியவை: வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா? மின்தூக்கி மின்சாரம் போனாலும் ஓடுமா? கழிப்பறை சாப்பிடும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், கால் மடக்காமல் உட்காரும் வசதி உண்டா, தரை வழுக்குமா? நாற்காலிக்குக் கை உண்டா? (கை இல்லாத நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பலருக்கு இருவர் வேண்டும்.) பத்து நிமிடம் படுத்துக்கொள்ள ஓர் அறை, பக்கத்தில் மருத்துவமனை. எதிரொலிக்கும் பெரிய மண்டபமும் பின்னணி இசையும் காதுக் கருவி போட்டவர்களுக்கு நரகம், இசையை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

பகலில் தொடங்கி இருட்டுவதற்கு முன் முடியுங்கள். இரவில் எதிர் வண்டி வெளிச்சம் கூசும் வயது, வண்டி ஓட்டி வருபவர்கள் பலர் இதை வெளியே சொல்லமாட்டார்கள். மேடை, நினைவுப் பரிசு, நீண்ட உரை எதுவும் வேண்டாம், வந்தவர்கள் உட்கார்ந்து பேசத்தான் வருகிறார்கள். கணவன், மனைவி, உதவியாளர் வருவதற்கும் சேர்த்தே எண்ணிக்கை எடுங்கள்.

செலவில் மூன்று விஷயம். முன்பணம் கட்டும் முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், நம் கூட்டத்தில் கடைசி வாரத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போவது உறுதி. பணத்தை இருவர் சேர்ந்து கையாளும்படி வைத்து, முடிந்த ஒரு வாரத்துக்குள் கணக்கை எல்லோருக்கும் அனுப்புங்கள், மிச்சம் ஒரு ரூபாயோ ஒரு டாலரோ இருந்தாலும் எழுதிவிடுங்கள். மூன்றாவது, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை சொல்லிவிட்டு, "தனியாக என்னிடம் பேசினால் போதும்" என்று ஒரு வரி சேருங்கள். கட்ட முடியாதவர் அந்த ஒருவரிடம் மட்டும் சொல்வார், கூடுதலாகக் கொடுக்க நினைப்பவரும் அவரிடமே கொடுப்பார். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் குழுவுக்கு வரவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் இழப்பீட்டை மறுக்க அதையே காரணமாகக் காட்டுவார்கள். மருந்துச் சீட்டின் நகலும் மருந்துகளும் கைப்பையில் இருக்கட்டும்.

9. துக்கச் செய்தி

இதைத் தள்ளிப்போட முடியாது, முறையை முன்பே முடிவு செய்துவிடுங்கள். செய்தி முதலில் ஒரே ஒருவருக்குப் போக வேண்டும், அவர் வீட்டாரிடம் பேசி உறுதி செய்த பிறகே குழுவில் எழுத வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் தெரிவித்து, அதை அவரே படித்த குழுக்கள் உண்டு. மிக நெருங்கிய நண்பர்களுக்குக் குழுவில் போடும் முன் ஃபோனில் சொல்லுங்கள், அவர்களில் இதய நோயாளி இருந்தால் வீட்டிலுள்ள மற்றவரிடம் சொல்லுங்கள். படம் பகிர வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

அன்று ஒருநாள், நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றி வைத்தால், இரங்கல் செய்திக்குக் கீழே பூங்கொத்தோடு காலை வணக்கம் வந்து விழாது. அனுதாபத்தை வீட்டாருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

இறந்தவரின் எண்ணை உடனே நீக்க வேண்டாம், வீட்டார் சில காலம் அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அப்படியே விடவும் கூடாது. ஃபோன் நிறுவனங்கள் பயன்படாத எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். சில மாதம் கழித்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு நீக்குங்கள். வாழ்க்கைத் துணை குழுவில் தொடர விரும்பினால் அவர் சொந்த எண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள், பொறுப்பாளரின் மாதாந்திர அழைப்பு அவருக்கும் போகட்டும்.

10. பொறுப்பை மாற்றி வைப்பது

பட்டியல் உங்கள் ஒருவர் ஃபோனில் மட்டும் இருந்தால், உங்களுக்கு ஏதாவது ஆனால் மொத்தமும் போய்விடும். கூகுள் ஷீட்டில் இருந்தால் இன்னும் இருவருக்குத் திருத்தும் உரிமை கொடுங்கள். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் நிறுவனம் அதை நீக்கிவிடலாம். செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒரு வசதி இருக்கிறது, குறிப்பிட்ட மாதங்கள் நீங்கள் கணக்கைத் திறக்காவிட்டால் நீங்கள் சொல்லிவைத்த நபருக்குத் தகவலைக் கொடுக்கும். பத்து பேர் வரை குறிப்பிடலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும், மருத்துவமனையில் நீண்ட நாள் இருப்பவரின் ஃபோனை யாராவது அவ்வப்போது இணையத்தோடு இணைத்து வைக்கட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைப் பெரிய எழுத்தில் காகிதத்தில் அச்சிட்டு, மேலே தேதி போட்டு, ஒரு பிரதி உங்கள் வீட்டில் ஃபோன் பக்கத்தில், இன்னொன்று அடுத்த பொறுப்பாளரிடம். பழைய பிரதியைக் கிழித்துப் போடுங்கள், எண் மாறியவரைப் பழைய எண்ணில் கூப்பிட்டுவிட்டு "எடுக்கவே இல்லை" என்று வருத்தப்படுபவர்கள் அதிகம். உங்கள் வீட்டில் இருப்பவரிடம் அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, ஏதாவது ஆனால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இன்றே காட்டிவிடுங்கள்.